ஆறாம் குகையில் வாங்கிய கையெழுத்து

வயது நாற்பத்தெட்டு. தொழில், கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தல். பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதி உறையிட்டுக் கொடுத்திருக்கிறேன். தங்கைக்காக அண்மையில் வீடு மாறியிருப்பதால் புது முகவரி இந்தத் தாளில் வேண்டாம் என்று கேட்டேன். உதவி ஆய்வாளர் ஒப்புக்கொண்டார்.

என் தங்கைக்கு வயது முப்பத்தொன்பது. அவள் கணவர் பல் மருத்துவர். இரண்டு மாதங்களுக்கு முன்பு, தன்னுடைய வலது மணிக்கட்டை அவர் முறித்துவிட்டதாகத் தங்கை இந்த நிலையத்தில் புகார் கொடுத்தாள். அன்றிலிருந்து என்னோடு இருக்கிறாள். அந்தப் புகாரைத் திரும்பப் பெறுவதாக அவள் கையெழுத்திட்ட கடிதம் சென்ற திங்கட்கிழமை இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்பதைச் சொல்ல வந்திருக்கிறேன்.

சென்ற வாரம் அவர் எனக்குத் தொலைபேசியில் பேசி, பிரிவதைப் பற்றி மூவரும் அமைதியாக உட்கார்ந்து பேசலாம் என்றார். பொது இடமாக இருந்தால் மட்டுமே வருவோம் என்று நிபந்தனை போட்டவள் நான். அதற்கு அவர் ஒரு ஜப்பானிய உணவகத்தின் பெயரைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நானும் தங்கையும் அங்கே போனோம். அவர் முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்.

அந்த உணவகம் பழங்கால ஜப்பானிய ஒற்றர்களான நிஞ்சாக்களின் ஒளிவிடம் போல அமைக்கப்பட்டது. பரிமாறுகிறவர்கள் கண் மட்டும் தெரியும்படி கறுப்புத் துணி சுற்றியிருந்தார்கள். வாசலில் கைபேசிகளை வாங்கி ஒரு மரப்பெட்டியில் வைத்துவிட்டு, விதிகள் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தந்தார்கள். ஒவ்வொரு மேசையும் ஒரு குகை என்றும், கதவு வெளியிலிருந்து சாத்தப்படும் என்றும், உள்ளிருந்து திறக்கும் வழி முன்பதிவு செய்தவர் காதில் மட்டும் சொல்லப்படும் என்றும், மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. முன்பதிவு செய்திருந்தவர் தங்கையின் கணவர். கறுப்புத் துணிக்காரர் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னதை நான் பார்த்தேன். பார்த்தும் ஏன் உள்ளே போனீர்கள் என்று கேட்கப்பட்டது. நான் அதை நம்பவில்லை. பாறைகள் அட்டையால் செய்யப்பட்டிருந்த இடத்தில் கதவு மட்டும் நிஜமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எங்களுக்குக் கொடுத்தது ஆறாம் குகை. ஏறத்தாழ எட்டடிக்கு ஏழடி. தாழ்வான மேசை, தரையில் பாய், ஒரு மூலையில் மரத்தூண். சுவரில் உணவு வருவதற்கு ஓரடி உயரத்தில் ஒரு திட்டிவாசல். அதன் மூடியும் வெளிப்பக்கமே இருந்தது. அவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். அதன் பிறகு கதவு சாத்தப்பட்டது.

முதல் கால்மணி நேரம் அவர் உணவைப் பற்றியே பேசினார். தங்கைக்குக் கட்டு பிரித்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. சாப்பிடும் குச்சிகள் இரண்டும் அவள் விரல்களிலிருந்து நழுவின. அவர் அவற்றை எடுத்து அவள் விரல்களுக்கு இடையில் ஒவ்வொன்றாகப் பொருத்திவிட்டார். அதன் பிறகு சட்டைப் பையிலிருந்து தட்டச்சு செய்த ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அவள் தட்டுக்கு அருகில் வைத்தார்.

"குச்சி பிடிக்க வரலேன்னா பரவாயில்ல, பேனா பிடிச்சுடலாம்ல" என்றார்.

நான் தாளை எடுத்துப் படித்தேன். புகாரைத் திரும்பப் பெறும் கடிதம். கதவைத் திறங்கள், நாங்கள் போகிறோம் என்றேன்.

"நீங்கதான் படிச்சவங்களாச்சே அண்ணி, கண்டுபிடிங்க. அதுக்குத்தானே இங்க வர்றது" என்றார். அவர் குரலை உயர்த்தவில்லை. என்னையோ தங்கையையோ தொடவும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்.

அதன் பிறகு நான் எழுந்து சுவர்களைத் தட்டிப் பார்த்தேன், பாயைத் தூக்கிப் பார்த்தேன், தொங்கிய ஓவியத்தின் பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். கதவை இரண்டு கைகளாலும் அடித்தேன். நான் அடிக்க அடிக்க வெளியே யாரோ மேளம் தட்டினார்கள். "விடாதீங்க, நெருங்கிட்டீங்க!" என்று குரல் கொடுத்தார்கள். பக்கத்துக் குகையில் குழந்தைகள் கைதட்டினார்கள். கதவை அடித்தால் மேளம் தட்ட வேண்டும் என்பது அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்ட முறை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த தட்டு வந்தபோது நான் திட்டிவாசலில் குனிந்து, "இவர் எங்களை அடைச்சு வெச்சிருக்கார். விளையாட்டில்ல. போலீஸைக் கூப்பிடுங்க" என்றேன்.

"கைதிகளின் கதறல் இந்த மலைக்குக் கேட்காது!" என்று நாடகக் குரலில் பதில் வந்தது. மூடி விழுந்தது. அந்த ஊழியரை நான் குறை சொல்லவில்லை. அன்று காலையிலிருந்து நான்கு மேசைகளில் ஏறத்தாழ இதே வார்த்தைகளைக் கேட்டதாகப் பின்னர் அவர் என்னிடம் சொன்னார்.

தங்கையின் கணவர் சிரித்தார். "என் தொழில்ல எல்லாரையும் வாயைத் திறக்க வெக்கணும். உங்க தங்கச்சிய மட்டும்தான் மூட வெக்க வேண்டியிருக்கு" என்றார்.

இதற்கிடையில் தேநீர் ஆறிப்போயிருந்ததால் அவர் திட்டிவாசலைத் தட்டி அதைச் சொன்னார். அதே ஊழியர் சாதாரணக் குரலில், "மன்னிச்சுக்கோங்க சார், உடனே மாத்தித் தர்றேன்" என்றார். இந்தக் குரல் மாற்றத்தை நான் கவனித்தேன். ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் கையெழுத்து விழுந்திருக்காது.

அதன் பிறகு தங்கை என்னைப் பார்த்து, "அக்கா, நீ உக்காரு. சத்தம் போடாத" என்றாள். பேனாவை எடுத்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கையெழுத்திட்டாள். "சரி. போட்டுட்டேன். கதவைத் திறங்க" என்றாள்.

அவள் "சரி" என்று சொன்னதாக அவர் தன் தரப்பில் கூறியிருப்பதாகத் தெரிவிக்கப்பட்டது. சொன்னாள். நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "என்ன அவசரம்? இன்னும் இனிப்பு வரல" என்றார். பிறகு மறுபடியும் தூணில் சாய்ந்துகொண்டு, அவளைச் சாப்பிடச் சொன்னார். அவள் சாப்பிட்டாள். குச்சி நழுவ, விரல்களால் எடுத்துச் சாப்பிட்டாள்.

இருபது நிமிடம் கழித்துத்தான் தேநீருக்காக மாறிய அந்தக் குரல் எனக்கு நினைவுக்கு வந்தது. அதன் பிறகு என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எனக்கு வைத்திருந்த மிசோ சூப்பில் போட்டேன். திட்டிவாசலைத் தட்டி, "சூப்புல முடி கிடக்கு. இதுதான் உங்க சுத்தமா? மேனேஜரைக் கூப்பிடுங்க" என்றேன். மேளம் தட்டப்படவில்லை. ஒரு நிமிடத்துக்குள் கதவு திறந்தது. மேலாளரும் இரண்டு ஊழியர்களும் முகத்துணியை இறக்கிவிட்டு, தலை குனிந்து நின்றார்கள். அப்போது மணி இரண்டு இருபத்தைந்து.

அந்த முடி என்னுடையது. பாதி நரைத்தது. சமையல்காரர் மீது எந்தத் தவறும் இல்லை என்பதையும், அவரை ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்பதையும், அதை நீக்கும்படி உணவகத்துக்கு நானே எழுதிவிட்டேன் என்பதையும் பதிவு செய்யக் கேட்கிறேன்.

அவசர மணி இருந்ததா என்று கேட்கப்பட்டது. இருந்தது. அவர் சாய்ந்திருந்த தூணின் பின்பக்கம், கதவைத் திறக்கும் மர ஆணிக்கு ஒரு சாண் கீழே. மேலாளர் காட்டிய பிறகே பார்த்தேன். ஒன்றேகால் மணி நேரமும் அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

கதவு திறந்ததும் நான் வெளியே வந்து தங்கையைக் கூப்பிட்டேன். கதவு அகலத் திறந்திருந்தது; வழியில் யாரும் இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் மேலாளரிடம், "எங்க அண்ணி கெட்டிக்காரங்க, கண்டுபிடிச்சுட்டாங்க" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, "போ" என்று தலையை அசைத்தார். அதன் பிறகே எழுந்தாள். கையெழுத்து மனமுவந்து இடப்பட்டதா என்ற கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்.

தங்கை ஏன் என்னோடு வரவில்லை, எப்போது வந்து சொல்வாள் என்று கேட்கப்பட்டது. தெரியாது. வரும்படி நான் வற்புறுத்தவில்லை. அந்த மேசையில் அவளுக்குப் போதுமான வற்புறுத்தல் நடந்துவிட்டது. வீட்டுக்கு இரண்டு சாவிகள் உண்டு. இரண்டையும் அவளிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். நான் திரும்பிப் போனால் மணி அடித்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். அவள் வெளியே போயிருந்தால் வரும்வரை காத்திருப்பேன்.

எழுதியது எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இரண்டு இடங்களில் தங்கை "பயந்தாள்" என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை. பயத்தை நான் பார்க்கவில்லை; அவள் செய்ததைப் பார்த்தேன். அந்த இடங்களில் "கையெழுத்திட்டாள்" என்றும் "சாப்பிட்டாள்" என்றும் திருத்தக் கேட்டேன். திருத்தப்பட்டது. இப்போது இதில் இருப்பவை நான் கண்டதும் கேட்டதும் மட்டுமே. சேர்த்ததோ மறைத்ததோ எதுவும் இல்லை என்று அறிந்தே இதன் கீழ் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
வாக்குமூலம் அளித்தவர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது, திருத்தங்கள் இரண்டு.
(ஒப்பம்)
உதவி ஆய்வாளர்