எண்ணெய் மாற்றிய கல்யாணக் கார்

மொரீஷியஸில், கியூர்பிப் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பேர்.

“மச்சான், உன் சட்டைப் பை ஏன் கறுப்பா ஒழுகுது?”

“கார் போல்ட்டுடா. காலையில நானே எஞ்சின் எண்ணெய் மாத்தினேன். அடியில இருந்த போல்ட்டைக் கழட்டிப் பழசை வடிச்சேன்.”

“புதுசு?”

“பெண்டாட்டியை ஊத்தச் சொல்லிட்டு மாலை வாங்கக் கிளம்பிட்டேன்.”

கேட்டவர் அந்தப் போல்ட்டை வாங்கிப் பார்த்தார். “இது இங்க இருக்கே, ஊத்துற எண்ணெய் எங்கடா நிக்கும்?”

“ஐயோ! மூணு மணிக்குத் தங்கச்சி அந்தக் கார்லதானே கோவிலுக்குப் போகணும், தாலி கட்டிக்க!”

பஸ்ஸே சிரித்தது. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண்டக்டர் மணியடிக்க, அண்ணன்காரர் குதித்து, வந்த வழியே ஓடினார்.

பஸ் நகர்ந்தது. கூட வந்தவர் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: “நிறுத்துங்க! போல்ட் என்கிட்ட இருக்கு!”