இரண்டு நண்பர்கள், மொத்த விலைக்கு

அப்பா: உன் சிநேகிதங்க ரெண்டு பேரு. மொத்தமா என்ன விலை?

மகள்: விக்கறதுக்கு இல்லப்பா.

அப்பா: அப்படிச் சொல்ற சரக்குதான் கடைசியில நல்ல விலைக்குப் போகும். அவங்களை விட்டுட்டு என்கூடத் தொழிலுக்கு வா. பாலம் பிழைச்சுக்கும். முதல்ல கீழே இறங்கு... நீ அந்தரத்துல நின்னு பேசினா எனக்குக் கழுத்து வலிக்குது.

மகள்: அந்த வெடி பட்டன்லேர்ந்து விரலை எடுங்க. இறங்கறேன்.

அப்பா: பறக்கக் கத்துக்கிட்டே, பேரம் பேசத்தான் கத்துக்கலை. இந்த மாடியிலேர்ந்து பார்த்தாலே தெரியுது, பாலத்து மேல மூணு பஸ்.

மகள்: ஒருத்தரை மட்டும் விட்டா?

அப்பா: இப்பதான் நீ என் பொண்ணு. யாரை?

மகள்: நீங்களே சொல்லுங்க.

அப்பா: நெட்டையனை விட்டுடு, சாப்பாட்டுச் செலவு ஜாஸ்தி. வெல்டர் பொண்ணை வெச்சுக்கோ... காதை ஏன் தடவிக்கிட்டே இருக்கே?

மகள்: கொசு.

அப்பா: இவ்வளவு உயரத்துலயா? இழுத்தடிக்கிறே நீ. மூணு எண்ணப் போறேன். ஒண்ணு...

மகள்: அப்பா, வேண்டாம்.

அப்பா: ரெண்டு...

மகள்: அவங்க ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க. பாலத்துக்கு அடியில, உங்க வெடிப் பெட்டிக்குப் பக்கத்துல.

அப்பா: ...இதை ஏன் முதல்லயே சொல்லலை?

மகள்: சொன்னா விலையை ஏத்துவீங்க.

நெட்டை: காதுல இருக்கற கொசு பேசுறேன். இயர்போனைச் சத்தமா வை, உங்கப்பாவும் கேக்கட்டும். பெட்டியைத் திறந்தாச்சு. நாலு செங்கல், பழைய பேப்பர். அவ்வளவுதான். வெல்டர் சிரிச்சுக்கிட்டே அழுவுறா.

மகள்: செங்கல்தானா... அப்போ போன மாசம் நீங்க தண்ணித் தொட்டியில கலந்த விஷமும்?

அப்பா: சர்க்கரை.

மகள்: எதுக்குப்பா இதெல்லாம்?

அப்பா: நீ வீட்டை விட்டுப் போய் எட்டு மாசம். போன் பண்ணினா எடுக்க மாட்டே. மிரட்டினா அஞ்சு நிமிஷத்துல வந்து நிக்கறே.

நெட்டை: போலீஸுக்குச் சொல்லியாச்சு, படியேறிக்கிட்டிருப்பாங்க. அவரைத் தூக்கிட்டுப் பறக்கணும்னா இப்பவே பற. நாங்க எதையும் பார்க்கலை.

மகள்: ...அப்பா, நீங்க கொள்ளையடிச்ச அந்த ரெண்டு பேங்க்?

அப்பா: அது நெஜம். தூக்க வேண்டாம்மா, நான் கனம். படியிலேயே இறங்கறேன். கணக்கை மட்டும் முடிச்சுக்கலாம். பேங்க் ரெண்டு, அதுக்கு ஜெயில். மிரட்டல் அஞ்சு, அஞ்சு தடவையும் உன்னை ஏமாத்தினேன். அதுக்கு என்ன பண்றதுன்னுதான்...

மகள்: அஞ்சு இல்லப்பா, ரெண்டு. ரெண்டாவது தடவையே சந்தேகம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் சோதிச்சுப் பார்க்க இவங்க ரெண்டு பேரே போதும், நான் வரணும்னே இல்ல. மீதி மூணு தடவையும் நானாத்தான் வந்தேன்.