மற்றவை மாறாதிருந்தால்

— மனுஷன்ங்கறவன் லாப நஷ்டம் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் எடுத்து வைப்பான், சொர்ணம்மா. உலகமே இந்த ஒரு தத்துவத்துலதான் நிக்கறது.

— உலகம் நிக்கட்டும் சாரே. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா வாங்க வாறவிய ஒங்களச் சுத்திட்டுப் போறாவ.

— நானும் வாங்கத்தான் வந்திருக்கேன். ஒண்ணு என்ன விலை?

— அம்பது.

— போன வருஷம் முப்பதுன்னா இருந்தது. மொத்தமா எடுத்தா குறைப்பியோ?

— மொத்தம்னா எத்தன?

— சும்மா கேட்டேன். கிளாஸ்ல பாடம் எடுக்க உதவும்.

— பாடம்னதும் ஓர்ம வருது. எம்மவ அஜிதாக்கு எகனாமிக்ஸ் பரிட்சையில ரெண்டு மார்க்க வெட்டிட்டியளே. அந்த ரெண்டு இல்லாமத்தான் பிள்ள தோத்துட்டா.

— வெட்டாம? விலை ஏறினா வாங்கறது குறையும். இது முதல் வருஷப் பாலபாடம். உன் பொண்ணு, ஏறினா இன்னும் அதிகமாத்தான் வாங்குவான்னு எழுதி வெச்சிருக்கா.

— கடையில கண்டத எழுதியிருக்கா. பரிட்ச வந்துட்டா ஒங்க காலேஜ் பிள்ளையளே வெல கேக்காம வாங்கி ஒடைக்குதுவ. நேத்து ஒருத்தன் இருபத்தொண்ணு.

— அது பயத்துல பண்றது. அந்த விதியில 'மற்றவை மாறாதிருந்தால்'னு ஒரு வார்த்தை இருக்கு. அதை அவ எழுதவே இல்லை.

— மத்ததெல்லாம் மாறாம இருந்தா ஒருத்தன் எதுக்கு சாரே பிள்ளையார்கிட்ட வாறான்?

— பேச்சு நன்னாத்தான் இருக்கு. பேச்சுக்கு மார்க் கிடையாது. படிச்ச, புத்தியுள்ள ஒரே ஒரு ஆளைக் காட்டு, விலை ஏறினப்பறமும் அதிகமா வாங்கினான்னு. அப்பவே ரெண்டு மார்க்கும் போடறேன்.

— போடுவியளா?

— வெங்கடசுப்ரமணியன் சொன்னா சொன்னதுதான்.

— செரி. கக்கத்துல என்ன, சாக்கா?

— ஆமா.

— ஒரு தேங்காக்கி எதுக்கு சாக்கு?

— மழை வரும்போல இருக்கு.

— போன வருஷம் ஒங்க மவளுக்கு பேங்கு வேல கெடச்சப்போ, முப்பது ரூவாக்கி பதினொண்ணு எடுத்திய. எண்ணிக் குடுத்தது நாந்தான்.

— அது எங்காத்துக்காரி வேண்டிண்டது.

— இந்தத் தடவ வேண்டுனது யாரு?

— நான்.

— அப்போ எத்தன வைக்கணும்? ஓசிச்சுச் சொல்லுங்க. பதினொண்ணுக்குக் கொறஞ்சா ஒங்க விதி ஜெயிச்சுது, எம்பிள்ள தோத்தது தோத்ததுதான். கூடுச்சுன்னா, நீங்க புத்தியுள்ள ஆளா இல்லியான்னு நீங்களே சொல்லிரணும். பின்னே நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

— அஜிதாவுக்கு ரெண்டு மார்க்கும் போட்டுடறேன். என்னை வடகோடியில காசர்கோட்டுக்குப் போட்ட டிரான்ஸ்பர் நின்னு போயிடுத்து. நூத்தியொண்ணு எண்ணு.