மேல் பக்கத்துக் கோடு

— அதனால, கோர்டி, குழாயைச் சுருட்டிக்கிட்டுப் போயிடறோம். நாலு மணிக்கு டாசன்லேருந்து லாரி வருது. டிரில் மெஷின் அதுல ஏறிடுச்சுன்னா உனக்கும் நிம்மதி, உன் ஓடைக்கும் நிம்மதி.

— உங்க குழாய், உங்க லாரி. என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க, மார்னி?

— மூணு மாசமா உன் இடத்து வழியாத்தானே தண்ணி எடுத்தோம். சொல்லாமப் போறது மரியாதை இல்ல. எழுதிக்கோ, மார்னி டல்கிளீஷ் சொல்லிட்டுத்தான் போனா.

— எழுதியாச்சு. கொஞ்சம் நகந்து நில்லுங்க. பாயை மிதிக்கறீங்க.

— அட, இதுவா? சேறு மூடிக் கிடக்கு, தெரியல.

— அரிப்புப் பெட்டியில சரளையை அலசறப்ப தங்கத்தைப் பிடிக்கற பாய். நீங்க மிதிக்கறது என்னோட ஒரு வாரம்.

— மன்னிச்சுக்கோ. ஒரு வாரத்தை மிதிச்சதுக்கே இப்படி முறைக்கறியே. நான் அந்த மலைமேல ஏழு வருஷத்தை விட்டுட்டுப் போறேன்.

— ஆறாவது துளையும் வெறும் பாறைதானா?

— வெறும் பாறை. ஏட்டுப் பாறை, ஏடு ஏடா, அழகா, ஒண்ணுமே இல்லாம. ரெமிகூட கேலி பண்றான், இதை வெட்டி சமாதிக்கல்லா வித்துடலாம்னு. எங்கம்மாவுக்கு ஒண்ணு எடுத்து வைக்கச் சொன்னான் பாவி.

— டிரில் ஓட்டறவன் அப்படித்தான் பேசுவான். அவனுக்கு மீட்டர் கணக்கு. தங்கம் வந்தா என்ன, வராட்டி என்ன.

— எனக்குத்தான் தூக்கம் வரல. இந்த ஓடையில இவ்வளவு தங்கத்தை வாரினாங்களே, அது எங்கேயோ மலையிலிருந்துதானே உதிர்ந்து வந்திருக்கணும்? பாறைக்குள்ள தங்கம் ஓடற நரம்பு, அந்தத் தாய் ரேகை எங்க? நூத்தி முப்பது வருஷமா தேடறாங்க. நான் கண்டுபிடிப்பேன்னு நெனச்சேன்.

— இப்ப நெனைக்கலையா?

— வான்கூவர் ஆபீஸ்ல பணம் போடற ஃபென்விக் இன்னும் ஒரு துளைக்குச் சரின்னான். ஒண்ணே ஒண்ணு. ஆனா எங்க போடணும், ஏன் போடணும்னு காரணம் சொல்லணுமாம். பன்னெண்டு மணிக்குள்ள. இல்லைன்னா லாரி. எழுதிக்கோ, இப்ப மணி பத்தே முக்கால், என்கிட்ட காரணம் இல்ல.

— அப்ப காப்பி குடிங்க. அடுப்புல இருக்கு. காலையில போட்டது, தார் மாதிரி இருக்கும்.

— நீ ஓடினப்பவே நானும் ஓடியிருக்கணும். புத்திசாலி நீ.

— நான் ஓடல. நடந்துதான் வந்தேன், மலையைச் சுத்திச் சுத்தி இறங்கற வண்டிப் பாதையில. பதினோரு கிலோமீட்டர்.

— ராத்திரி ஷிஃப்ட் பாதியில கையுறையைக் கழட்டிப் பெஞ்சு மேல வச்சுட்டுப் போனியே. காலையில வந்து பாத்தா கையுறை இருக்கு, ஆளில்ல. கரடி தூக்கிடுச்சோன்னு ரெண்டு மணி நேரம் தேடினோம், தெரியுமா?

— கரடிக்கும் ருசி உண்டு. அதென்ன ராத்திரி ஷிஃப்ட்டு, பேருல மட்டும்தான் ராத்திரி. இந்த வடகோடியில ஜூன் மாசம் விடிய விடிய வெளிச்சம். பன்னெண்டு மணி நேரம் டிரில்லுல வர்ற கல்லுத் தண்டைத் துடை, கோடு போடு, பெட்டியில அடுக்கு. அப்புறம் ஜன்னல்ல அலுமினியத் தாளை ஒட்டிட்டுப் படுத்துக்கிட்டு ராத்திரின்னு நடி. காலேஜையே ரெண்டு வருஷத்துல விட்டவன் நான். இதை விட்டது பெரிசா? அவ்வளவுதான்.

— விட்டுட்டு இங்க வந்து சேத்துல நிக்கறே.

— இங்க நான் விட்டா என்னைத்தான் விடணும். வேற யாரும் இல்ல. சர்க்கரை அந்த டப்பாவுல இருக்கு. அது இல்ல, பக்கத்து டப்பா. அதைத் திறக்காதீங்க.

— திறந்துட்டேன். கோர்டி, இது என்ன?

— தங்கம். ஏழு வருஷம் தேடினீங்களே, பாத்தா தெரியலையா?

— வாயை மூடு. என் லென்ஸ்... கழுத்துலயே இருக்கு. இதை யார்கிட்டயாவது காட்டினியா?

— டாசன்ல வாங்கறவன்கிட்ட கொஞ்சம் காட்டினேன். மூஞ்சியைச் சுளிச்சான். பல்லு உடைஞ்ச மாதிரி இருக்கு, கல்லு ஒட்டியிருக்குன்னு ஒதுக்கி வச்சுட்டான். அதான் சர்க்கரைக்குப் பக்கத்துல கிடக்கு.

— இந்த ஓடைத் தங்கம் இப்படி இருக்காது. பூசணி விதை மாதிரி, தட்டையா, மழுமழுன்னு இருக்கும். தண்ணியில உருண்டு உருண்டு வந்தது. இதைப் பாரு, ஓரம் கையைக் கிழிக்குது. வெள்ளையா வெங்கக்கல் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. எழுதிக்கோ, இது நூறு அடிகூட நகரல. எங்க எடுத்த?

— களியில.

— எந்தக் களி?

— என் குழிக்கு அடியில, பாறை மேல, வெள்ளையா ஒரு பட்டை ஓடுது. பல்லு விளக்கற பேஸ்ட் மாதிரி. சனியன் பிடிச்ச களி. அரிப்புப் பெட்டியில போட்டா உருண்டை உருண்டையா திரண்டு, பாயில கிடக்கற தங்கத்தையும் ஒட்டிக்கிட்டு வெளிய ஓடிடும். இந்த ஓடையில ஒருத்தனும் அதைத் தொடமாட்டான். என் மாமா தொடல. அவருக்கு முன்னாடி இருந்த ஸ்வீடன்காரனும் தொடல. ரெண்டு பக்கமும் வழிச்செடுத்துட்டு அதை மட்டும் அப்படியே விட்டிருக்கான்.

— நீ ஏன் தொட்டே?

— பம்ப் பெல்ட் அறுந்து போச்சு. ரெண்டு நாள் தண்ணி இல்ல, வேலை இல்ல. சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் பிடிக்கும். ஒரு தொட்டியில போட்டுக் கையாலயே பிசைஞ்சு கரைச்சேன். அடியில இது.

— காட்டு. இப்பவே.

— காப்பி?

— காப்பி கிடக்கட்டும்!

— பலகை மேலயே வாங்க. ஓரத்துல கால் வச்சா முழங்கால் வரைக்கும் போகும். தோண்டின இடத்துல உறைஞ்ச மண் இப்பதான் இளகுது. நாத்தத்தைக் கண்டுக்காதீங்க, பனிக்கால யானைங்க திரிஞ்ச காலத்துச் சேறு.

— மேல இருக்கற சரளை உனக்கு, கீழ இருக்கற பாறை எங்களுக்குன்னு சட்டம். இந்தக் களி யாருக்குடா?

— வக்கீலைத்தான் கேக்கணும். அதோ, அந்த வெள்ளை.

— கடவுளே.

— கும்பிடற அளவுக்கு ஒண்ணுமில்ல. களி.

— இது வெறும் களி இல்ல, கோர்டி. பாறை ரெண்டா பிளந்து, ஒண்ணை ஒண்ணு உரசி அரைச்ச மாவு. அந்தப் பிளவுலதான் வெங்கக்கல் ஏறும், தங்கமும் ஏறும். முதல் துளையில சின்னச் சின்னதா வந்துதே ரேகை, அதோட பெரியண்ணன் இது. எவ்வளவு ஆழம் தோண்டினே?

— எக்ஸ்கவேட்டர்ல மூணு மீட்டர். எதுக்குன்னு கேக்காதீங்க, கோவத்துல தோண்டினேன். முடியவே இல்ல. அப்படியே மலைக்குள்ள போகுது.

— ஓடைப் பக்கமா சாயுதுன்னு சொல்லு.

— மலைப் பக்கம்.

— அப்படி இருக்க முடியாது. ரேகை எல்லாம் ஓடையைப் பாத்துச் சாயுது. நானே அளந்தேன். அதை நம்பித்தான் அடுத்த அஞ்சு துளையும் மலையைப் பாத்துப் போட்டோம், குறுக்கே வெட்டணும்னு.

— நான் ரெண்டு வருஷத்துல விட்டவன். ஆனா மேல எது, கீழ எதுன்னு தெரியும். வச்சுப் பாருங்க உங்க காம்பஸை.

— பிடி இந்தப் புத்தகத்தை. தட்டையா வை. ஆட்டாதே... நாப்பது. மலைக்குள்ள நாப்பது டிகிரி.

— சொன்னேனே.

— மேல் மண்ணு சறுக்கினப்ப இதையும் இழுத்து வளைச்சிருக்கலாம். இந்த ஊர்ல உறைஞ்ச மண்ணு பாறையவே மடக்கும்.

— கீழ போய்ப் பாருங்க. மூணு மீட்டர்லயும் அதே சாய்வு. ரெண்டு கல்லுல ஒண்ணு பொய் சொல்லுது, மார்னி. என் கல்லு இங்க கண்ணு முன்னாடி இருக்கு.

— என் கல்லு பெட்டியில இருக்கு. ஒவ்வொரு தண்டுலயும் கோடு இருக்கு. உருளைக் கல்லு, கோடு இல்லைன்னா துளைக்குள்ள எந்தப் பக்கம் மேல இருந்துது, எந்தப் பக்கம் கீழ இருந்துதுன்னே தெரியாது. அந்தக் கோட்டை வச்சுத்தான் எல்லாக் கணக்கும்... கோர்டி.

— என்ன?

— முதல் துளைக்குக் கோடு போட்டது யாரு?

— நான்தான். முழுசும். பதினாலு ராத்திரி.

— எந்தப் பக்கம் போட்டே?

— மேல் பக்கம்.

— கீழ் பக்கம்.

— மேல் பக்கம், மார்னி. குறி விழற கருவியைத் திருப்பி, மேல் பக்கமா பாத்து, சிவப்புப் பென்சில்ல.

— இந்த வருஷம் வந்தது புதுக் கருவி! அது கீழ் பக்கத்துக்குக் குறி போடற கருவி! கம்ப்யூட்டர்லயும் கீழ்னுதான் வச்சிருக்கேன்! கிட்டத்தட்ட நேராக் கீழ இறங்கின துளை அது. அதுல கோடு எதிர்ப்பக்கம் போனா சாய்வே எதிர்ப்பக்கம் திரும்பிடும். மடையா, ஏழு வருஷ வேலைடா! தூக்கக் கலக்கத்துல ஒரு கோட்டை மாத்திப் போட்டு, கையுறையைக் கழட்டி வச்சுட்டுப் போயிட்டே!

— தூக்கக் கலக்கம்தான். அதனால எதையும் நானா யோசிக்கல. சுவத்துல எழுதி ஒட்டியிருந்ததைச் செஞ்சேன்.

— என்ன எழுதி ஒட்டியிருந்துது?

— பெஞ்சுக்கு மேல. பிளாஸ்டிக் உறைக்குள்ள. ஒரு மூலையில காப்பிக் கறை. ஏழு வரி. மூணாவது வரி, "கோடு மேல் பக்கம்". அடியில ரெண்டு தடவை அடிக்கோடு.

— காப்பிக் கறையா?

— இன்னும் அங்கேயேதான் இருக்கும். போய்ப் பாருங்க.

— பாக்க வேண்டாம்.

— பாத்துட்டு வந்து திட்டுங்க. நான் எங்கயும் போகல.

— பாக்க வேண்டாம்னு சொன்னேன். அந்தக் காப்பி நான் கொட்டினது. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, வேற முகாம்ல, பழைய கருவிக்கு எழுதினது. எந்த முகாம் போனாலும் முதல்ல அதைத்தான் சுவத்துல ஒட்டுவேன். கருவியை மாத்தினேன், கம்ப்யூட்டரை மாத்தினேன். காகிதத்தை மாத்தல.

— உக்காருங்க. அந்த வாளியைக் கவுத்துட்டு உக்காருங்க.

— அஞ்சு துளை, கோர்டி. அஞ்சும் ரேகைக்கு மேலயே, தண்டவாளம் மாதிரி, அதோட சேந்தே ஓடியிருக்கு. ஒரு தடவைகூடத் தொடல. தொடவே தொடாது.

— அப்ப எங்க போட்டாத் தொடும்?

— என்ன?

— மணி பதினொண்ணே கால். அழறதுக்கு லாரி போனதுக்கப்புறம் நேரம் இருக்கு. எங்க போட்டாத் தொடும்?

— அதே இடம்தான். அதே மேடை. மெஷினை நகத்தவே வேண்டாம். திருப்பி, இந்தக் குழியைப் பாத்து நிறுத்தணும். ஓடையைப் பாத்து. நூத்தி இருபது மீட்டர்ல நேராக் குறுக்கே வெட்டும்.

— அவ்வளவுதானே? உங்களுக்குக் காரணம் கிடைச்சுடுச்சு. போன் பண்ணுங்க.

— பண்ணினா முதல் கேள்வி, கோடு ஏன் தப்பாச்சு.

— நான்தான்னு சொல்லுங்க. ராத்திரி ஷிஃப்ட், காலேஜை விட்டவன், பாதியில போனவன். எல்லாம் பொருந்துது. ஃபென்விக் திட்டுவான், எனக்குக் கேக்காது. நான் இந்தப் பாயைக் கழுவிக்கிட்டு இருப்பேன்.

— உனக்கு அதுல என்ன?

— ஒண்ணுமில்ல. இந்த மலையில இருக்கா இல்லையான்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும். என் மாமா முப்பது வருஷம் இதைச் சுத்திச் சுத்தித் தோண்டினாரு. பேர் கெட்டவன் நான் ஏற்கனவே. உங்க பேர் கெட்டா துளை போடச் சொல்ல ஆளில்ல. அவ்வளவுதான்.

— போனைக் கொடு. அந்த மேட்டு மேல ஏறினாத்தான் சிக்னல் கிடைக்கும் இல்ல?

— ஆமா. அரிப்புப் பெட்டி மேலயே ஏறிக்கோங்க, உயரமா இருக்கும்.

— ஃபென்விக்? மார்னி. கேக்குதா?... லாரியை நிறுத்து. ஆமா, காரணம் இருக்கு. ரேகை மலைக்குள்ள சாயுது. காம்பஸ் வச்சு இப்பதான் பாத்தேன், கையில தங்கமும் இருக்கு... கோடு தப்புப் பக்கம் போட்டிருக்கு... இல்ல. அவன் இல்ல. அவன் சுவத்துல இருந்ததைத்தான் செஞ்சான். சுவத்துல எழுதினது நான்... ஆமா, நானேதான். எழுதிக்கோ.

— மார்னி! என்ன பண்றீங்க?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், ஃபென்விக்... ம்... புரியுது. உன் இடத்துல நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்... வேற ஆளா? இருக்கான். இல்ல, பட்டம் எல்லாம் கிடையாது. இந்த ஓடையில அந்தக் களியைப் பிசைஞ்சு பாத்தவன் அவன் ஒருத்தன்தான்... சரி. ரெமிகிட்ட நீயே சொல்லிடு.

— என்ன ஆச்சு?

— மெஷின் நிக்குது. சாயங்காலத்துக்குள்ள திருப்பிடுவாங்க.

— நிஜமாவா? லாரி?

— வராது. நீ மூணு மணிக்குள்ள மலைமேல இருக்கணும். பகல் ஷிஃப்ட். ஒவ்வொரு தண்டுக்கும் நீயே கோடு போடு, நீயே சாய்வு எடு. முதல்ல அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போடு.

— நானா? ஓடிப்போனவன்னு சொன்னீங்களே.

— நடந்து போனவன். நடந்தே மேல போ. பதினோரு கிலோமீட்டர்.

— நீங்க எங்க போறீங்க?

— எங்கயும் போகல. என்னைத்தான் வேலையை விட்டு எடுத்துட்டாங்களே. உன் பாயைக் கழுவ ஆள் வேணும் இல்ல? சொல்லிட்டுப் போ, இதை எந்தப் பக்கம் பிடிச்சு உதறணும், மேல் பக்கமா, கீழ் பக்கமா?