ஸ்டாப் லாஸுக்கு வைத்த விரல்

என் பெயரும் கதவிலக்கமும் இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் பதிவாகியுள்ளன. எனக்கு வயது நாற்பத்தொன்பது. கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கிறேன். இரண்டாம் மாடியில் தனியாக வசிக்கிறேன். மூன்றாம் மாடியில் என் தம்பி, வயது நாற்பத்திரண்டு, வசிக்கிறான். அவன் வேலையை விட்டுவிட்டு இரண்டு ஆண்டுகளாக வீட்டிலிருந்தே பங்குகளைக் காலையில் வாங்கி மாலைக்குள் விற்கும் தொழில் செய்துவருகிறான்.

சென்ற ஆண்டு அவன் ஒரு பயிற்சியாளரிடம் கற்ற முறையை என்னிடம் காட்டி, நூற்றில் எண்பத்தைந்து முறை ஜெயிக்கும் என்றான். கணக்குப் பார்த்தேன். ஜெயித்தால் பத்து ரூபாய் வரும், தோற்றால் எண்பது போகும். ஆக மொத்தம் நட்டம். அதன் பிறகு நான் வேறொரு முறை எழுதிக் கொடுத்தேன். வாங்கிய விலையிலிருந்து பத்து ரூபாய் இறங்கினால் தானாக விற்றுவிட வேண்டும், அது ஸ்டாப் லாஸ்; இருபது ஏறினால் விற்றுவிட வேண்டும், அது டார்கெட். நூற்றில் நாற்பது முறை ஜெயித்தாலே போதும். தொடர்ந்து ஏழு முறை தோற்கவும் நூற்றில் மூன்று பங்கு வாய்ப்புண்டு என்று அடியில் எழுதியிருந்தேன். அவன் அந்த வரியைப் படித்ததாகத் தெரியவில்லை.

விலை இறங்கும்போது ஸ்டாப் லாஸை நீக்கிவிடும் பழக்கம் தனக்கு உண்டு என்று அவனே சொல்லி, அதை நீக்க வேண்டுமானால் என் செல்போனில் என் வலது ஆள்காட்டி விரல் ரேகை பதிய வேண்டும் என்று பூட்டு அமைத்துக்கொண்டான். "நான் கால்ல விழுந்தாலும் வைக்காதக்கா" என்றான்.

இன்று காலை பத்தரை மணியளவில் அவன் மடிக்கணினியுடன் என் வீட்டுக்கு வந்து, கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. ஆறு முறை தொடர்ந்து தோற்றுவிட்டு, ஏழாவதில் கைவசம் இருந்த எல்லாவற்றையும் போட்டிருந்தான். ஐந்நூறுக்கு வாங்கிய பங்கு அப்போது நானூற்றுத் தொண்ணூற்று நான்கில் இருந்தது.

"அக்கா, ஒரே ஒரு தடவ தொடு. உன் சொத்தையா கேக்கறேன்? விரலத்தானே கேக்கறேன்" என்று சிரித்தான். மறுத்தேன். "நூத்துல மூணுன்னு எழுதுனியே, அந்த மூணு நாந்தானா? மேடம் கணக்கு சரியா வரணும், தம்பி மண்ணாப் போகலாம், அதானே?" என்றான். "அத மூடி வைடா. சாப்பிட்டியா நீ?" என்றேன். அதன் பிறகு அவன் சிரிக்கவில்லை.

என் மணிக்கட்டைப் பிடித்தான். நான் விரல்களை மடக்கிக்கொண்டேன். திரையைப் பார்த்தபடியே அவற்றை ஒவ்வொன்றாக விரித்தான், என்னைப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரல் பின்பக்கமாக வளைந்து சத்தம் வந்தது. அவனுக்கும் கேட்டிருக்கும். அந்த விரலைச் செல்போன் மேல் வைத்து அழுத்தினான். வியர்வையில் ரேகை பதியவில்லை. தன் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். அதற்குள் விலை நானூற்றுத் தொண்ணூறைத் தொட்டுப் பங்கு தானாக விற்பனையாகிவிட்டது. போனது அவன் போட்டதில் ஐம்பதில் ஒரு பங்கு.

அதன் பிறகு, நான் அலறிய சத்தம் கேட்டு, கீழ்வீட்டுப் பல் மருத்துவர் வந்து கதவைத் தட்டினார். தம்பி, "ஒண்ணுமில்ல டாக்டர், அக்கா கதவுல கைய நசுக்கிட்டாங்க" என்றான். நான், "டாக்டர், கதவு பூட்டியிருக்கு, சாவி இவங்கிட்ட இருக்கு" என்றேன். அப்போதுதான் அவன் திரும்பி என்னைப் பார்த்தான். மருத்துவர் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தார். காவலர் வரும்வரை பதினைந்து நிமிடம் அவன் என் எதிரே உட்கார்ந்திருந்து, அவர் தட்டியபோது சாவியை எடுத்துக் கதவைத் திறந்தான்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே அறைக்கு வெளியே காத்திருந்தபோது இடது கையால் செல்போனைப் பார்த்தேன். விலை திரும்பி ஏறி, பதினொன்று ஐம்பது மணிக்கு ஐந்நூற்று இருபதைத் தொட்டிருந்தது. அது அவனுடைய டார்கெட். முறையில் பிழையில்லை, இப்படியும் சில நாள் நடக்கும் என்பதையும் சேர்த்தே நாற்பது என்று கணக்கிட்டிருந்தேன். தம்பிக்கு இது இன்னும் தெரியாது. அவன் செல்போன் காவலர் வசம் உள்ளது. அதை அவனிடம் திருப்பித் தரும் நேரத்தை எனக்கு முன்கூட்டியே சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். என் வீட்டுக்கு இன்னொரு சாவி மூன்றாம் மாடியில் இருக்கிறது.

தம்பி காவல் நிலையத்தின் இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதால், இதை வாய்விட்டு வாசிக்க வேண்டாம் என்று சொல்லி நானே மனத்துக்குள் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே உள்ளது; கூட்டியோ குறைத்தோ எழுதப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவளாயினும், வலது கையில் கட்டு இருப்பதால் கையொப்பத்துக்குப் பதிலாக இடது பெருவிரல் ரேகையை வைக்கிறேன்.