தபசுகாலத்து சென்ட்

அந்த சென்ட் ஒன்றும் பெரிய விலையுள்ளது இல்லை ஐயா. மதகடிப்பட்டில் பஸ் நிற்கும் இடத்து வளையல் கடையில் சாந்துப்பொட்டு, ரிப்பனோடு சேர்த்து வைத்திருப்பார்கள். ரோஸ் கலரில் குட்டி பாட்டில். மூடியைத் திறந்ததும் பழுத்த கொய்யா வாசனை வரும். கொஞ்ச நேரம் போனால் மல்லிகை மாதிரி ஆகிவிடும். பெண்கள் தினமும் போடுகிற சாமான்தான். அதை வைத்து என்னைப் பிடிப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

என் பெயர் இன்பமேரி. அம்மா செத்தபோது தம்பி அல்போன்சுக்குப் பால்பல்கூட விழவில்லை. அவனை வளர்த்தது நான். என்னைக் கேட்டு வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் அவனுக்காகத் திருப்பி அனுப்பினேன். இதைச் சொல்லிக்காட்டுவது என் பழக்கமில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லோரிடமும் நானே சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு நெட்டப்பாக்கத்திலிருந்து ஆரோக்கிய செல்வியைப் பார்த்துக் கட்டிவைத்ததும் நான்தான். நல்ல பெண். வாய்க்கு வாய் அண்ணி, அண்ணி என்பாள். ஒரே குறை அந்த சென்ட். மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாலும் கழுத்தில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டுதான் போவாள். எங்கள் வீடு ஒரு அறை, ஒரு கூடம், அடுப்படி, அவ்வளவுதான். எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அவள் வாசனை. மூச்சு முட்டுகிறதே என்று ஜன்னலைத் திறந்தால், காற்று நல்லா வருது அண்ணி என்று அவளும் வந்து பக்கத்தில் நிற்பாள்.

பொங்கல் கழிந்ததும் அல்போன்ஸ், தான் வேலை செய்யும் மில்லுக்குப் பக்கத்திலேயே டவுனில் வீடு பார்த்துவிட்டதாகச் சொன்னான். ஈஸ்டர் பாஸ்கா முடிந்ததும் குடிபோகிறார்களாம். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் வந்துடுங்க அண்ணி. உங்கள வுட்டுட்டு நாங்க மட்டும் அங்க போயி இன்னா பண்ணப் போறோம்?"

அவள் வீட்டில், அவள் அடுப்படியில், அவள் வாசனையில் நான் ஒரு மூலையில் கிடக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். வேலைக்காரிக்குக்கூட சாயங்காலமானால் போக ஒரு வீடு இருக்கும். எனக்கு எந்தப் பக்கமும் வழி இல்லை. அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

விபூதிப் புதனன்று கோயிலிலிருந்து வந்தவள், பாட்டிலை என்னிடம் கொடுத்தாள். அன்றிலிருந்து பாஸ்கா வரை நாற்பது நாள் தபசுகாலம்; எங்கள் பங்குக் கோயில் வழக்கப்படி அது முடிகிற வரை பெண்கள் பூ வைக்க மாட்டார்கள். இவள் சென்டையும் சேர்த்து விட்டுவிட்டாள். கையில் இருந்தால் சபலம் வருமாம், நான்தான் வைத்திருக்க வேண்டுமாம். டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். இனியாவது வாசனை அடங்கும் என்று பார்த்தால், என் புடவைகளில் எல்லாம் ஏறிக்கொண்டது.

பாஸ்காவுக்கு முந்தின பெரிய வியாழன் அன்று அல்போன்ஸ் ஷிப்டுக்குப் போயிருந்தான். செல்வி ஒருசந்தி விரதம் இருந்தாள். கரும்புக்கு அடித்தது போக மீந்த பூச்சிமருந்து மாட்டுக்கொட்டகையில் இருந்தது. பூண்டை நிறையத் தட்டிப்போட்டுக் கஞ்சி காய்ச்சினேன். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"கசக்குது அண்ணி."

நாள் முழுக்கப் பட்டினி கிடந்த வாய் அப்படித்தான் இருக்கும், குடி என்றேன். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. குடித்தாள்.

பிறகு என்ன ஆயிற்று என்று டாக்டர் எழுதியிருப்பார். கடைசி வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். எல்லாம் அடங்கியதும் முகத்தைத் துடைத்து, தலை வாரி, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிவிட்டேன். மருந்து வாடை மட்டும் போகவில்லை. பெட்டியைத் திறந்து அந்த சென்டை எடுத்துக் கழுத்திலும் கையிலும் தலையணையிலும் போட்டேன். வாடையை மறைக்க மட்டும் இல்லை ஐயா. அது இல்லாமல் அவள் செல்வி மாதிரியே இல்லை. பழக்கத்தில் தபசுகாலம் என்பதே மறந்துபோயிற்று.

நெஞ்சுவலி என்று சொன்னேன். ஊர் நம்பியது. அல்போன்ஸ் ஓடிவந்து அவள்மேல் விழுந்து அழுதான். பாதியிலேயே அழுகை நின்றுவிட்டது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"தபசுல இவ சென்ட் போட மாட்டாளேக்கா. பாட்டிலு உங்கிட்டதான இருந்துது."

ஆமாம், கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அல்போன்ஸ் டவுனுக்குப் போகவில்லையாமே, இங்கே வீட்டிலேயே இருக்கிறானாமே. என்னைப் பார்க்க இன்னும் வரவில்லை. கோபம் இருக்கும், தணிந்ததும் வருவான். இப்போது அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.