செத்த எலியின் பால்

— கேட்டுக்கோ கனகா, நான் கால்சட்டை போடறதுக்கு முன்னாடியே செத்துப்போன ஒரு சீனத்து எலி, அதுகிட்ட முப்பது வருசம் பால் கறந்தவன் உங்கண்ணன் சின்னராசு!

— மெதுவா பேசுண்ணா. உள்ள எம்புள்ள வினோத்து இப்பதான் அசந்து தூங்கினான். செத்த எலி பால் குடுக்குமா? ரிடையர் ஆனதுலருந்து உன் வாய்க்குப் பூட்டே இல்ல.

— எலிதான் செத்துச்சி, அதோட ஒடம்புலருந்து எடுத்த செல்லு சாவல. மனுசன் ஜீன அதுக்குள்ள சொருகி, கம்பெனியில கஞ்சி ஊத்தி வளத்தோம். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும். அப்டியே வுட்டேன்னு வெச்சிக்கோ, உத்திரமேரூர் ஏரி ரொம்பி, கலங்கல்ல வழிஞ்சி, சாலவாக்கம் பஸ்சு நின்னுடும்! உம்புள்ளைக்கு ரத்தம் உறையறதுக்குப் போடறமே ஊசி, அது அதுங்க குடுத்த பால்தான். முட்டி எப்டி கீது?

— பைக்குல லேசா இடிச்சிக்கினான், இளநிக் காயாட்டம் வீங்கிடுச்சி. இன்னும் வீங்கிக்கினே கீது.

— அப்ப இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற? ஆஸ்பத்திரிலருந்து கொண்டாந்தத எடு, நான் போடறேன்.

— ஐஸ் பெட்டில வந்துது. குளிர் போனப்புறம்தான் கலக்கணும்னு நீதான சொல்லுவ? வெளிய எடுத்து வெச்சிக்கீறேன். அதுக்குள்ள சொல்லு... அந்த எலி என்னிக்காவது பால் குடுக்காம நின்னுருக்கா?

— நின்னுச்சே, ஒரு தபா! தொட்டி தளும்பத் தளும்ப செல்லு. ஒவ்வொண்ணும் எருமைக்கன்னு கணக்கா கொழுத்துக் கெடக்குது. வடிச்சா ஒரு சொட்டு மருந்து இல்ல.

— ரீலு வுடாத. தொட்டி ரொம்பியிருந்தா மருந்து எப்டி இல்லாம பூடும்?

— மருந்து செய்யறது அதுக்கு சொமைடி. நாளாவ நாளாவ ஒண்ணு ரெண்டு அந்த சொமையக் கீழ போட்டுடும். சொமை இல்லாதது வேகமாப் பெருகும். எங்க ஆளுங்க இன்னா பண்ணானுங்க? மொதமொதல்ல உறைய வெச்ச மூல செல்லுலருந்து புதுசா எடுக்கறத வுட்டுட்டு, எந்த பாட்டில் வேகமா வளருதோ அதையே திரும்பத் திரும்பப் பிரிச்சி வளத்தானுங்க. கடைசில தொட்டி பூரா சும்மா தின்னுக்கினு சுத்தறவனுங்க!

— சும்மா சொல்ற. சொல்லுண்ணா, சும்மாதான சொல்ற?

— சத்தியமா! அத்தினியும் கொன்னு கொட்டினோம். கல்லும் வெடிக்கற குளிர்ல வெறுங்கைய வுட்டு, நான்தான் மூலக்குப்பிய வெளிய எடுத்தேன்!

— எடுத்ததும் மருந்து வந்துடுச்சா?

— அது இன்னா கொழாத் தண்ணியா? வளக்கணும், வடிக்கணும், சோதிக்கணும். ஆறு மாசம் ஆச்சி.

— ஆறு மாசமா... அதுவரைக்கும் புள்ளைங்க?

— அத ஏன் கேக்கற. செல பேருக்கு முட்டி அப்புறம் மடங்கவேயில்ல. ஒருத்தனுக்கு மண்டைக்குள்ளயே... வுடு, பழைய கதை. இன்னேரம் குளிர் போயிருக்கும். மருந்த எடு.

— எடுக்க ஒண்ணும் இல்லண்ணா. வெளிய எடுத்து வெச்சேன்னது பொய், பெட்டில வெறும் ஐஸ்தான் கீது.

— இன்னா சொல்ற கனகா?

— கம்பெனி தொட்டில செல்லு ரொம்பிக் கெடக்குதாம், மருந்துதான் வர்லியாம், எங்கயும் ஸ்டாக்கு இல்லன்னு டாக்டர் சொன்னாரு. நான் நம்பல. நீ வாயத் தொறந்தா புளுகுதான, உன் வாயால வந்தா இதுவும் புளுகாப் பூடும்னுதான் கேட்டேன். நெசம்தாண்ணா. திரும்பவும் நடந்துருச்சி.